ஸ்பின் ஓடும்போது வாஷிங் மெஷின் குலுங்குகிறதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. ஜூனில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு நடுவில் கிடைக்கும் வெயிலும் நிச்சயமில்லை. அதனால் இங்கே பலர் வாஷிங் மெஷினை வாங்குவது துவைப்பதற்காக என்பதைவிடப் பிழிந்து தருவதற்காகவே. அந்தப் பிழியும் வேலையில், அதாவது ஸ்பின்னில், மெஷின் தடதடவென்று ஆடத் தொடங்கினால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அடுக்களைக்குப் பின்னால் மெஷின் நிற்கும் சாய்ப்புக்கு ஓடிவருகிறார்கள். ஒருவர் மேலே கையை வைத்து அமுக்குகிறார். இன்னொருவர் எட்டி நின்றபடியே "பேரிங் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

துணி சுழலும் டிரம்மின் தண்டைத் தாங்கும் வளையம்தான் பேரிங். அது போயிருக்கலாம்தான். ஆனால் கடைசியில் சந்தேகிக்க வேண்டிய பாகம் அது. ஸ்பின் குலுக்கலில் பெரும்பகுதி துணியை உள்ளே போட்ட விதத்தாலும் மெஷின் நிற்கும் தரையாலும் வருவது. இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். எனவே துணி, தரை, கால்கள், அதற்குப் பிறகே உள்பாகங்கள் என்ற வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்றினால் நல்ல பாகத்தைக் கழற்றி மாற்றிவிட்டு, பழைய குலுக்கலையே மறுபடி கேட்டுக்கொண்டிருக்க நேரும்.

எது இயல்பு, எது கோளாறு

மெஷினின் தொட்டி வெளிக்கூட்டோடு இறுக்கிப் பூட்டப்பட்டதல்ல. கம்பிகளிலோ சுருள்வில்களிலோ அது தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பின் தொடங்கி வேகம் ஏறும்போது ஒரு கட்டத்தில் இந்த அமைப்பு முழுவதும் ஊசலாடும். வேகம் அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் சில நொடிகளில் அடங்கும். ஓட்டம் முடிந்து நிற்கப் போகும்போதும் ஒருமுறை தள்ளாடும். எல்லா மெஷினிலும் இது உண்டு. புதிதாக வாங்கியவர்கள் இதற்காகப் பதற வேண்டாம். மெஷின் நின்ற இடத்தைவிட்டு நகர்கிறது, தொட்டி வெளிக்கூட்டில் டங் டங்கென்று மோதுகிறது, ஆட்டம் அடங்காமல் கடைசிவரை தொடர்கிறது என்றால்தான் அது கோளாறு.

குலுக்கல் எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பலமாக அடித்துவிட்டுப் பிறகு அடங்கினால், ஆட்டத்தை அடக்கவேண்டிய தொங்கல் கம்பியோ ஷாக் அப்சார்பரோ தளர்ந்திருக்கலாம். வேகம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால் துணி ஒருபக்கம் குவிந்திருக்கிறது, அல்லது கால் தரையில் பதியவில்லை. ஆட்டம் குறைவாகவும் இரைச்சல் அதிகமாகவும் இருந்தால்தான் பேரிங் பக்கம் போக வேண்டும்.

கையால் அமுக்கிப் பிடிப்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 50 செ.மீ. விட்டமுள்ள டிரம்மின் ஓரத்தில் அரைக் கிலோ ஈரத்துணி ஒருபக்கமாகக் கூடுதலாக ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 700 சுற்றில் அது டிரம்மை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறத்தாழ 68 கிலோ எடைக்குச் சமம். 1,000 சுற்றில் 140 கிலோ. 1,400 சுற்றில் 270 கிலோவுக்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகிறது. மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை. கல் காலில் விழாமல் இருந்தால் சரி.

தொடுவதற்கு முன்

மெஷினை நகர்த்துவது, சாய்ப்பது, டிரம்முக்குள் கையை விடுவது ஆகிய எதைச் செய்தாலும் முதலில் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. நம் ஊரில் பல வீடுகளில் மெஷின் இருப்பது அடுக்களைக்குப் பின்னால், மழைச் சாரல் அடிக்கும் இடத்தில். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று வேலை பார்க்கக் கூடாது. செமி ஆட்டோமேட்டிக்கில் மூடியைத் திறந்ததும் ஸ்பின் தொட்டி நிற்கும்தான். ஆனால் பிரேக் தேய்ந்திருந்தால் உடனே நிற்காது. முழுவதும் நிற்கும்வரை உள்ளே கை போகக் கூடாது. சுழலும் துணி விரலைச் சுற்றிக்கொண்டால் தப்பிக்க நேரமிருக்காது.

முன்பக்கம் கதவுள்ள ஃபிரண்ட் லோடு மெஷின் பெரும்பாலும் 60 முதல் 70 கிலோ எடை இருக்கும். தனியாக இழுக்க முயல வேண்டாம்.

முதல் படி: துணியில்லாமல் ஒரு ஸ்பின்

உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல், ஸ்பின் மட்டும் என்ற ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை. ஆனால் இதிலிருந்து தெரிய வருவதோ அதிகம்.

காலி டிரம் அமைதியாகச் சுழன்றால் பேரிங்கும் மோட்டாரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அடுத்து துணியைப் பாருங்கள். காலியாக ஓடும்போதே ஆடினால் துணியின் மீது பழி போட முடியாது. நேராகத் தரைக்கும் கால்களுக்கும் போய்விடலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: காலியாக இருக்கும்போது அமைதி, துணியைச் சரியாகப் பரப்பிப் போட்டாலும் ஆட்டம். அப்போது சந்தேகம் தொங்கல் கம்பிகள் மீதும் ஷாக் அப்சார்பர்கள் மீதும் விழுகிறது.

டாப் லோடு மெஷினில் காலி டிரம்மைக் கையால் சுற்றினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். டிரம்மின் மேல் விளிம்பில் உப்புநீர் அடைத்த வளையம் ஒன்று இருக்கிறது. துணி ஒருபக்கம் கனத்தால் அந்த நீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கிச் சமன் செய்யும். அந்தச் சத்தம் இருப்பதுதான் நல்லது. வளையத்தில் விரிசல் விழுந்து நீர் ஒழுகிவிட்டால், துணியை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் டிரம் ஆடும்.

இரண்டாம் படி: துணி

ஸ்பின் குலுக்கலின் முதல் குற்றவாளி, தனியாகப் போன கனமான துணி. ஒரு ஜமுக்காளம், அல்லது ஒரே ஒரு பெரிய டர்க்கி டவல். அது தண்ணீரைக் குடித்து ஒருபக்கமாகச் சுருண்டுகொள்ளும். எதிர்ப்பக்கம் அதற்கு ஈடாக ஒன்றும் இருக்காது. இதற்கு மருந்து துணியைக் குறைப்பதல்ல, கூட்டுவது. நான்கைந்து துவர்த்து (துண்டு), இரண்டு சாரம் (லுங்கி) என்று மெல்லிய பருத்தித் துணிகளைச் சேர்த்துப் போடுங்கள். அவை காலியிடத்தை நிரப்பிக் கனத்தைப் பரப்பிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு, திணிப்பது. மழை இரண்டு நாள் விட்டதும் ஒரு வாரத்துத் துணி முழுவதையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட யாருக்கும் ஆசை வரும். 7 கிலோ மெஷின் என்றால் அது உலர்ந்த துணியின் எடை. நனைந்த பருத்தி இதைவிட மிகவும் கனக்கும். எவ்வளவு போடுகிறோம் என்று தெரியவில்லை என்றால், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கைத்தராசு வீட்டில் கிடக்கும். அதில் ஒரு பை துணியை மாட்டிப் பாருங்கள். ஃபிரண்ட் லோடில் துணிக்கு மேலே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். டாப் லோடில் துணியை அமுக்கி நிரப்பக் கூடாது.

மூன்றாவது, ஒன்றை ஒன்று விழுங்குவது. கட்டில் விரிப்போ போர்வை உறையோ ஓட்டத்தின்போது மூட்டையாகி, உள்ளாடை, காலுறை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். ஸ்பின்னின் நடுவே ஆட்டம் பலமாகிவிட்டால் நிறுத்தித் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இந்த மூட்டைதான் இருக்கும். பிரித்து உதறி, வட்டமாகப் பரப்பிவிட்டு மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பைச் சிறு துணிகளோடு போடாமல் இன்னொரு விரிப்போடு இணையாகப் போடுவது நல்ல பழக்கம். உறைகளின் பொத்தானைப் பூட்டிப் போடுவதும் அப்படித்தான்.

மழைக்கோட்டு, ரெக்ஸின் உறை, குழந்தைக்கு அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பு ஆகியவற்றை மெஷினில் போடவே போடாதீர்கள். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் சேறு படிந்த மழைக்கோட்டை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தண்ணீர் புகாத துணி, தண்ணீரை வெளியே விடவும் செய்யாது. பை போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து, முழு வேகத்தில் டிரம் சுழலும்போது அது ஒரேயடியாக ஒருபக்கம் சாயும். அந்த அடியில் மெஷினின் மேல்மூடி கழன்று பறந்த நிகழ்வுகள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. 2016 நவம்பரில் அங்கே சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்கள் இந்தக் காரணத்தால் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. மழைக்கோட்டைக் கொடியில் தொங்கவிட்டு ஹோஸ் பிடித்துக் கழுவினால் போதும்.

தானியங்கி மெஷின்கள் துணி ஒருபக்கம் குவிந்திருப்பதைத் தாமாகவே உணர்ந்து, வேகத்தை ஏற்றாமல் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மறுபடி பரப்பிப் பார்க்கும். முடியாவிட்டால் நின்றுவிடும். எல்ஜியில் திரையில் 'யூஇ' என்று காட்டுவது இதைத்தான். அது வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. துணியைக் கொஞ்சம் பிரித்துப் போடச் சொல்கிறது.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். துணியைத் தொட்டியின் சுவரோரமாகச் சமமாக அடுக்கி, மேலே தரப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தட்டை அழுத்தி வைக்க வேண்டும். அந்தத் தட்டு தொலைந்துபோன வீடுகள் ஏராளம். உதிரிபாகக் கடையில் மாடல் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். தட்டில்லாமல் ஓட்டினால் மேலே இருக்கும் துணி எழும்பி வெளியே விழும். ஸ்பின் தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் சிக்கும். திடீரென்று புதிதாக ஒரு குலுக்கலும் சரசரப்பும் வந்தால் டார்ச் அடித்து அந்த இடுக்கைப் பாருங்கள். காணாமல்போன காலுறை அங்கே இருக்கும்.

வடிகுழாய் மடங்கியிருந்தாலோ ஃபிரண்ட் லோடின் கீழ்மூலையில் உள்ள பம்ப் வடிகட்டி அடைத்திருந்தாலோ தண்ணீர் உள்ளேயே நின்று கனம் கூடும். சொத்தவிளை, முட்டம், சங்குத்துறைக் கடற்கரைகளுக்குப் போய்வந்த பிள்ளைகளின் சட்டைப் பையில் எவ்வளவு மணல் வருகிறது என்பது தாய்மாருக்குத் தெரியும். உதறிவிட்டுப் போடுங்கள். வடிகட்டியைத் திறக்குமுன் கீழே ஒரு தட்டை வையுங்கள்.

புதிய மெஷினா, வீடு மாறி வந்ததா?

ஃபிரண்ட் லோடு மெஷின் வந்திறங்கிய முதல் ஓட்டத்திலேயே அறை அதிரும்படி ஆடினால் வேறெதையும் யோசிக்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடி உடைந்துவிடாமல் இருக்க, தொழிற்சாலையில் அதை மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளால் கூட்டோடு இறுக்கிப் பூட்டி அனுப்புகிறார்கள். டிரான்சிட் போல்ட் என்று இதற்குப் பெயர். பொருத்த வருபவர் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். சில நேரம் மறந்துவிடுகிறார். சில நேரம் வீட்டுக்காரரே பொறுமையில்லாமல் தாமே குழாயை மாட்டி ஓட்டிவிடுகிறார். போல்ட் இருக்கும்போது தொங்கல் அமைப்பு வேலையே செய்யாது. அத்தனை அடியும் நேராகக் கூட்டில் இறங்கும். ஒரே ஓட்டத்தில்கூடச் சேதம் வரலாம்.

ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, பிளாஸ்டிக் உறையோடு வெளியே இழுக்க வேண்டும். துளைகளைக் கூடவே வந்த மூடிகளால் அடையுங்கள். திறந்து விட்டால் எலி குடிபுகும். போல்ட்டுகளை வாரண்டி அட்டையோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். மாற்றலாகி வேறு ஊர் போகும்போது அவை மறுபடி வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ போல்ட் மாட்டாமல் லாரியில் ஏறி வந்த மெஷின், நாகர்கோவிலில் இறங்கியதும் ஆடினால் வழியிலேயே ஸ்பிரிங் கழன்றிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: தரையும் கால்களும்

துணி துவைக்க, பொருள்கள் வைக்க என்று பலவற்றுக்கும் பயன்படுகிற சாய்ப்புத் தரையில், தண்ணீர் வடிவதற்காகக் கொத்தனார் வேண்டுமென்றே ஒரு சாய்வு விட்டிருப்பார். மெஷினுக்கு அது ஒத்துவராது. நான்கு கால்களில் ஒன்று தரையை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால்கூட, ஸ்பின்னின்போது அந்த மூலை எழும்பி எழும்பி விழும். அப்படி விழ விழ மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்கும்.

சோதனை எளிது. மெஷினின் மேல்பரப்பில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கைகளையும் வைத்து மாறி மாறி அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகள். கொஞ்சமாவது ஆடினால் ஒரு கால் தூக்கியிருக்கிறது. எந்தக் கால் என்று தெரிய ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்து வெளிவரும் இடம்தான் அது.

காலில் இரண்டு பகுதி உண்டு. திருகினால் நீளும் அல்லது குறுகும் கால் ஒன்று. அதன் மேலே மெஷினின் அடித்தகட்டோடு ஒட்டி நிற்கும் பூட்டு நட்டு இன்னொன்று. முதலில் நட்டைத் தளர்த்துங்கள். காலைத் திருகி மட்டம் பாருங்கள். கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் நல்லது. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியும் உதவும். இடவலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை பாருங்கள். மட்டம் வந்தபின் பூட்டு நட்டை மேல்நோக்கி அடித்தகட்டோடு இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்டு தளர்ந்திருந்தால் நான்கைந்து ஓட்டத்தில் கால் தானாகத் திரும்பிப் பழைய நிலைக்கு வந்துவிடும். மட்டத்தைவிட முக்கியமானது நான்கு கால்களும் ஒரே அழுத்தத்தில் பதிந்திருப்பது. மட்டத்தில் சிறு குறை இருந்தாலும் மெஷின் பொறுத்துக்கொள்ளும். தூக்கிய காலைப் பொறுக்காது. சில டாப் லோடுகளில் முன்கால்களை மட்டுமே திருக முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்களை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். சாய்வு அதிகமாக இருக்கிறதென்று ஒரு காலை முழுவதும் நீட்டினால் அது வளைந்து ஆடும். செங்கல் துண்டு, மரக்கட்டை, கிரானைட் துண்டு எதையும் முட்டுக் கொடுக்க வேண்டாம், அதிர்வில் நகர்ந்துவிடும். சாய்வு பெரிதென்றால் மெஷினைவிட ஒரு சாண் அகலமாக, நான்கு அங்குல உயரத்தில் மட்டமாக ஒரு கான்கிரீட் மேடை போட்டுவிடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினாலும் மெஷின் நனையாது.

அடியில் என்ன விரிப்பது என்பதில் ஆளுக்கு ஒரு யோசனை. சாக்கு, தேங்காய்நார் மிதியடி, பழைய மெத்தைத் துண்டு எல்லாம் விரித்துப் பார்க்கிறார்கள். மெத்தென்று இருப்பது எதுவும் ஆட்டத்தைக் கூட்டவே செய்யும். வழுக்கும் டைல்ஸ் தரையில் மட்டும் நான்கு கால்களுக்கும் கெட்டியான ரப்பர் பட்டைகள் வைக்கலாம். தமிழ்நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி விளையும் மாவட்டத்தில் நல்ல ரப்பருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரப்பர் நழுவுவதைத் தடுக்கும், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். தூக்கிய காலைச் சரிசெய்யாது.

சக்கரம் வைத்த ஸ்டாண்டுகளை எனக்குப் பிடிக்காது. செமி ஆட்டோமேட்டிக்குக்குப் போனால் போகட்டும், ஃபிரண்ட் லோடுக்கு அவை வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் இரும்பு ஸ்டாண்டின் கதை இன்னும் மோசம். குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் வெல்டிங் இணைப்புகள் உள்ளிருந்தே துருவேறும். மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும். பிளக்கை உருவி, மெஷினை இறக்கிவிட்டு ஸ்டாண்டைத் தனியாக உலுக்கிப் பாருங்கள். மெஷினின் கால் திருகுகளும் இப்படித் துருப்பிடித்து அசையாமல் போகும். கொஞ்சம் மண்ணெண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் இளகும்.

மர மச்சு உள்ள பழைய ஓட்டு வீடுகளில் மேல்தளத்தில் மெஷின் வைக்கக் கூடாது. பலகை அதிர்வை வாங்கி வீடு முழுக்கப் பரப்பும். டைல்ஸ் தரையில் மெஷின் நிற்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். அடியில் சிமெண்ட் இல்லாமல் பொள்ளலாக ஒலித்தால் ஓரடி தள்ளி வையுங்கள்.

நான்காம் படி: தொட்டியை அமுக்கிப் பார்ப்பது

துணியும் தரையும் சரி, இன்னும் ஆடுகிறது என்றால் பிளக்கை உருவிவிட்டு உள்பாகங்களைச் சோதிக்கலாம். எதையும் கழற்றத் தேவையில்லை.

டாப் லோடில் தொட்டி நான்கு மூலைகளிலிருந்து நான்கு சஸ்பென்ஷன் ராடுகளில், அதாவது முன்பு சொன்ன தொங்கல் கம்பிகளில், தொங்குகிறது. மூடியைத் திறந்து தொட்டியின் விளிம்பைக் கீழே அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் ராடுகள் நலம். மூன்று நான்கு முறை துள்ளினால் தேய்ந்துவிட்டன. தொட்டி நடுவில் நிற்காமல் ஒரு மூலைப் பக்கம் சரிந்திருக்கிறதா என்றும் மேலிருந்து பாருங்கள். சரிந்த மூலையின் ராடு தளர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் வெவ்வேறு விறைப்பில் நின்று மறுபடி சாயும் என்பதால் நான்கையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம்.

ஃபிரண்ட் லோடில் கதவைத் திறந்து டிரம்மைக் கீழே அழுத்தி விடுங்கள். அதே கணக்குதான். மேலே சுருள்வில்கள், கீழே ஷாக் அப்சார்பர்கள். அப்சார்பர் உராய்வால் ஆட்டத்தைத் தின்னும் பொருள். கிரீச்சென்கிறது என்று யாராவது எண்ணெய் விட்டால் அந்த உராய்வு போய்விடும், குலுக்கல் கூடும். மேலேயும் முன்பக்கத்திலும் வெளித்தொட்டியோடு பூட்டிய கனமான கான்கிரீட் கட்டிகள் உண்டு. அவற்றின் போல்ட் தளர்ந்தாலோ கட்டி விரிசல் விட்டாலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மொத்து கேட்கும். அப்படிக் கேட்டால் அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் மோட்டார் அடியில் ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவற்றுக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்தாலோ ஒரு ஸ்பிரிங் ஒடிந்தாலோ தொட்டி கோணலாக நிற்கும். காலித் தொட்டியைக் கையால் மெதுவாகச் சுற்றி, விளிம்பு ஒரே சீராக ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மழைக்காற்றில் மின்னழுத்தம் குறைந்திருக்கும் மாலைகளில் ஸ்பின் வேகம் பிடிக்காமல், ஊசலாடும் அந்த ஆரம்பக் கட்டத்திலேயே நீண்ட நேரம் தங்கிவிடுவதும் உண்டு. அன்றைக்கு மட்டும் ஆடுகிறது என்றால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம்; கரண்ட் சரியானபின் ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பேரிங்

இப்போதுதான் பேரிங்கின் முறை. ஃபிரண்ட் லோடில் கதவைத் திறந்து, உள்டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். உள்டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் கவலையில்லை. உள்டிரம் மட்டும் தனியாகக் கடகடத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. டிரம்மைக் கையால் சுற்றும்போது காலி ஆட்டுரலைச் சுற்றியது போலக் கரகரப்பு வரும். ஸ்பின் வேகம் ஏறும்போது அதுவே பெரும் இரைச்சலாகிவிடும்.

பேரிங் பெரும்பாலும் தானாகத் தேய்வதில்லை. அதன் முன்னால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீல் முதலில் தளர்கிறது. அந்த வழியாகச் சோப்புத் தண்ணீர் இறங்கி கிரீஸைக் கழுவிவிடுகிறது. பிறகு துருதான். துணியில் பழுப்புக் கறையோ மெஷினின் அடியில் துருநிறச் சொட்டோ தென்பட்டால் அப்போதே காட்டிவிடுங்கள்; சீலும் பேரிங்கும் மாற்றுவதோடு முடியலாம். காத்திருந்தால் தண்டும் தேய்ந்துவிடும். டிரம்மின் முதுகில் மூன்று கைகளோடு இருக்கும் அலுமினியக் கலவைத் தாங்கியும் சோப்புப் படிவாலும் ஈரத்தாலும் அரிக்கப்பட்டு விரிசல் விடுவதுண்டு. அந்த நிலையில் டிரம் கோணலாகச் சுழலும். உலோகம் இடிக்கும் ஒலி வரும். சோப்புத்தூளை அளவோடு போடுவதும், ஓட்டம் முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் இதைத் தள்ளிப்போடும்.

பல ஃபிரண்ட் லோடுகளில் வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளும் ஒட்டப்பட்டே வருகின்றன. அவற்றில் பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, தொட்டி முழுவதும் மாற்ற வேண்டும். பழைய மெஷினுக்கு இந்தச் செலவு தகுமா என்பதை விலை கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். விளம்பரத்தில் வரும் பத்து ஆண்டு வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே; பேரிங், ராடு, அப்சார்பர் அதில் சேராது. அட்டையை எடுத்து வாசித்துக்கொண்டு பேசுங்கள். வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பின்தகட்டை நீங்களோ தெரிந்தவரோ கழற்றாமல் இருப்பது நல்லது.

மெக்கானிக்கை அழைக்கும்போது

"மெஷின் ஆடுகிறது அண்ணாச்சி, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பாகம் வாங்கிக்கொண்டு மறுபடி வருவார். இரண்டு முறை வந்த கூலி உங்கள் தலையில் விழும். மாடல் எண், வாங்கிய ஆண்டு, காலியாக ஓடும்போதும் ஆடுகிறதா, ஆரம்பத்தில் ஆடுகிறதா கடைசியிலா, அமுக்கி விட்டால் எத்தனை முறை துள்ளுகிறது ஆகியவற்றைச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஸ்பின்னை எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. அனுபவமுள்ளவர் ஒலியைக் கேட்டே பாகத்தோடு வருவார்.

வேலை முடிந்ததும் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ராடு மாற்றியிருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். வேறு மாடலின் ராடு மாட்டினாலும் தொட்டி சாய்ந்துதான் நிற்கும். பணம் கொடுக்கும் முன் காலியாக ஒரு ஸ்பின், நனைந்த துணியோடு ஒரு ஸ்பின் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெஷினை இழுத்துப் போட்டு வேலை பார்த்திருப்பதால் கால்களை மறுபடி மட்டம் பார்த்து, பூட்டு நட்டுகளை இறுக்கிய பிறகு அவர் கிளம்பட்டும்.